கூண்டைக் கழுவியதும் ஏன் சண்டை?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் ஆசைப்பட்டாள் என்று மூன்று வெள்ளைச் சுண்டெலிகள் வாங்கி வளர்க்கிறோம். மூன்றும் ஆண். ஒரே ஈற்றில் பிறந்தவை. வாரம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை கூண்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புது மரத்தூள் போட்டு உள்ளே விட்டால் அன்று இரவே கீச்சுக்கீச்சென்று சண்டை. போன வாரம் ஒன்றுக்கு வாலடியில் ரத்தக் காயம். விற்ற கடைக்காரரைக் கேட்டால், "வாசனை போயிருச்சும்மா, அதான்" என்கிறார். சுத்தமாக வைப்பது தப்பா? மகளும் விடாமல் கேட்கிறாள்: வாசனையை வைத்து அவற்றுக்கு என்னவெல்லாம் தெரியும்? அப்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? பெரோமோன் என்பது ஒரு கட்டளையா? மனிதர்களுக்கும் அது உண்டா? என் கையை முகர்ந்து பார்க்கிறதே, என்னை அடையாளம் தெரியுமா? கொஞ்சம் விரிவாகவே சொன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடைக்காரர் சொன்னது சரிதான். சுத்தம் செய்வதும் தப்பில்லை. எதைத் தூக்கி எறிகிறீர்கள், எதை மிச்சம் வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரத்தக் காயம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன்.

கழுவுவதற்கு முன்னால் அவை தூங்கும் கூட்டை, காகிதத் துண்டோ வைக்கோலோ எதைக் கொண்டு கட்டியிருந்தாலும் அதை, அப்படியே எடுத்துத் தனியே வையுங்கள். மரத்தூளை ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். கூண்டு காய்ந்ததும் பழைய கூட்டை உள்ளே வைத்துவிட்டுப் பிறகு சுண்டெலிகளை விடுங்கள். பழகிய வாசனை இருக்கட்டும் என்று பழைய மரத்தூளில் ஒரு பிடியைப் புதிய தூளோடு கலப்பவர்கள் உண்டு. ஆண்கள் சேர்ந்திருக்கும் கூண்டில் அது சண்டையைக் கூட்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் இதையே தனியாக ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கூட்டுப் பொருளைப் புதிய கூண்டுக்கு மாற்றியபோது சண்டை குறைந்தது. சிறுநீர் ஊறிய மரத்தூளை மாற்றியபோது அதிகமானது. காயம்பட்டதை இப்போதைக்குத் தனிக் கூண்டில் வையுங்கள், காயம் ஆழமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கழுவாத நாட்களிலும் கடி தொடர்ந்தால் பிரித்து வைப்பதே நல்லது. வீட்டுச் சந்துகளிலும் தானியக் கிடங்குகளிலும் திரியும் வளர்ந்த ஆண் சுண்டெலி இன்னொரு ஆணைத் தன் எல்லைக்குள் விடுவதில்லை. தனியாக இருப்பது அதற்குப் பெரிய தண்டனை ஆகாது.

ஒரே கூண்டில் இருக்கும் இரண்டு பழைய பொருள்கள் ஏன் இப்படி நேர்மாறான விளைவைத் தருகின்றன? தூங்கும் கூட்டில் படிவது உடம்பு வாசனை, மூன்றும் கலந்த வாசனை. மரத்தூளில் இருப்பது சிறுநீர். ஆண் சுண்டெலிக்குச் சிறுநீர் வெறும் கழிவு இல்லை.

1973-இல் டெஸ்ஜார்டன்ஸ், மரூனியாக், பிரான்சன் என்ற மூவர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எளிமையான ஆய்வு, இன்று பார்த்தாலும் அழகாக இருக்கிறது. சுண்டெலியின் சிறுநீர் புறஊதா ஒளியில் ஒளிரும். ஆண் சுண்டெலிகள் நடமாடிய தரையை அந்த ஒளியில் பார்த்தார்கள். சண்டையில் வென்ற ஆண், தரை முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிறுநீர் தெளித்து வைத்திருந்தது. மூலை, நடு, ஓரம் என்று விட்டுவைத்த இடமே இல்லை. தோற்ற ஆண் இரண்டு மூன்று மூலைகளில் மட்டும் குட்டையாகக் கழித்துவிட்டு ஒதுங்கியிருந்தது.  சிறுநீரைத் தெளிப்பதா அடக்கிவைப்பதா என்பதைத் தீர்மானித்தது, 'இங்கே நான் யார்' என்று அந்த மூளை தெரிந்துவைத்திருந்த செய்தி. உங்கள் கூண்டிலும் மூன்றில் ஒன்று தலைவனாக இருக்கும், அதன் பொட்டுகள்தான் தரையெங்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரை துடைத்தெடுக்கப்படுகிறது. யார் தலைவன் என்பதை அன்று இரவே மறுபடி தீர்த்தாக வேண்டியிருக்கிறது. ஒரு பிடி பழைய தூளை மட்டும் போட்டால், இடம் மாறிப்போன சிறுநீர் இன்னும் குழப்புகிறது.

அந்தச் சிறுநீரில் என்ன இருக்கிறது? நம் சிறுநீரில் புரதம் நிறைய வெளியேறினால் மருத்துவர் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்வார். ஆரோக்கியமான ஆண் சுண்டெலியின் சிறுநீரிலோ புரதம் எப்போதும் தாராளமாக இருக்கும். கல்லீரல் அதை இதற்கென்றே செய்து அனுப்புகிறது. 'மப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் புரதங்களுக்கான மரபணுக்கள் சுண்டெலியின் நான்காவது குரோமோசோமில் சுமார் இருபது, கூட்டமாக இருக்கின்றன. ஒவ்வொரு விலங்கும் அவற்றில் தனக்கென்று ஒரு கலவையைச் சிறுநீரில் விடுகிறது. இந்தக் கலவையை வைத்தே காட்டுச் சுண்டெலிகள் ஒன்றையொன்று ஆள் ஆளாக அடையாளம் காண்கின்றன என்று இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட்டின் குழு 2001-இல் காட்டியது.

புரதம் காற்றில் பறக்காது. ஆனால் மப் புரதத்தின் நடுவே ஒரு குழிவு உண்டு. எளிதில் ஆவியாகும் சிறு மணப்பொருள்கள் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரத்துணியில் சுற்றி வைத்த மல்லிகைச் சரத்திலிருந்து மணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறதல்லவா, அந்த மாதிரி இந்தப் புரதமும் மணத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. சிறுநீர் காய்ந்த பிறகும் பொட்டு மணந்துகொண்டிருக்கும். தூரத்தில் வரும் சுண்டெலி காற்றில் வரும் மணத்தைப் பிடித்து அருகே வரும். வந்து ஈர மூக்கால் பொட்டைத் தொடும். தொட்ட பிறகுதான் புரதம் அதன் மூக்குக்குள் போகும்.

அங்கேதான் இரண்டாவது மூக்கு வேலைக்கு வருகிறது. மூக்கின் நடுச்சுவருக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, கோழை நிறைந்த இரண்டு சிறு குழல்கள் இருக்கின்றன. டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் 1813-இல் பல பாலூட்டிகளில் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே ஜேக்கப்சன் உறுப்பு என்கிறோம். மூச்சுக்காற்று இதன் வழியாகப் போவதில்லை. குழலை ஒட்டி ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. விலங்குக்கு ஆர்வமோ கிளர்ச்சியோ வந்ததும் அந்த இரத்தக் குழாய் சுருங்கும், குழல் விரியும், மூக்குநுனியில் ஒட்டிய ஈரம் உள்ளே உறிஞ்சப்படும். உங்கள் மகள் உற்றுப் பார்த்தால், சுண்டெலி புதிய பொருளின் அருகே போய் மீசை துடிக்கச் சில நொடிகள் மூக்கை வைத்து அழுத்துவதைக் காணலாம். காற்றை முகர்வது வேறு, இது வேறு.

சாதாரண மூக்கின் வழியை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991-இல் திறந்து காட்டினார்கள். சுண்டெலிக்கு மணங்களைப் பிடிக்கும் ஏற்பிகள் ஆயிரத்துக்கு மேல். நமக்கு வேலை செய்பவை ஏறக்குறைய 400. இதற்காக 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜேக்கப்சன் உறுப்பின் ஏற்பிகள் முற்றிலும் வேறு குடும்பம். அவற்றில் முதல் தொகுதியை 1995-இல் ஆக்செலின் ஆய்வகத்தில் இருந்த காத்தரின் டூலாக் கண்டுபிடித்தார். அந்த உறுப்பிலிருந்து கிளம்பும் நரம்புகள் தனியாக ஒரு சிறு நுகர்வுக் குமிழுக்குப் போய், அங்கிருந்து மூளைக்குள் இருக்கும் அமிக்டலாவின் ஒரு பகுதிக்கும் பிறகு ஹைப்போதலாமஸுக்கும் போகின்றன. பசி, இணைசேர்தல், கோபம், தாய்மை ஆகியவற்றின் நரம்புக் கூட்டங்கள் ஹைப்போதலாமஸில்தான் இருக்கின்றன. மேல்மூளையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை, பாதை அவ்வளவு நேரடியானது.

இந்த வழியை அடைத்தால் என்ன ஆகும்? ஜேக்கப்சன் உறுப்பின் நரம்பணுக்கள் மின்சமிக்ஞை எழுப்ப டி.ஆர்.பி.சி.2 என்ற மரபணு தேவை. 2002-இல் ஹார்வர்டில் லிசா ஸ்டவர்ஸ், டூலாக் குழுவினர் அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அந்த ஆண்கள் தங்கள் கூண்டுக்குள் வந்த அந்நிய ஆணைத் தாக்கவில்லை. ஆண், பெண் என்று பாராமல் இரண்டையும் இணைசேர அழைத்தன. 2007-இல் அதே மரபணு இல்லாத பெண்களைப் பார்த்தபோது இன்னும் பெரிய வியப்பு: அவை ஆண்களுக்கே உரியது என்று நினைத்திருந்த இணைசேரும் அசைவுகளைச் செய்தன. பெண்ணின் மூளைக்குள்ளும் அந்த நடத்தைக்கான நரம்பு வலை முழுமையாக இருந்திருக்கிறது, ஜேக்கப்சன் உறுப்பிலிருந்து வந்த செய்தி அதை அடக்கிவைத்திருந்தது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூளை அறிவியலில் என்னை மிகவும் உலுக்கிய முடிவுகளில் இது ஒன்று. ஆண் மூளை ஒரு அச்சு, பெண் மூளை வேறு அச்சு என்று எளிதாகப் பிரித்துப் பேசும் யாரும் இதை வாசித்துவிட்டுப் பேச வேண்டும்.

சாதாரண மூக்குக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வழியை மட்டும் செயலிழக்கச் செய்த ஆண்கள் சண்டையும் போடவில்லை, இணைசேரவும் முனையவில்லை. முதல் மூக்கு 'அருகே போய்ப் பார்' என்று அழைத்தால்தான் இரண்டாவது மூக்குக்குத் தொட்டறிய எதுவும் கிடைக்கும்.

இப்போது உங்கள் மகளின் நல்ல கேள்வி: பெரோமோன் ஒரு கட்டளையா? அப்படி நினைக்கக் காரணம் உண்டு. ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்தின் இன்னோர் உயிரில் மாற்றத்தை உண்டாக்கும் பொருளைக் குறிக்கும் இந்தச் சொல்லைப் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் 1959-இல் உருவாக்கினார்கள். அதே ஆண்டு அடால்ஃப் பூட்டெனான்ட் பட்டுப்பூச்சியின் பெண் பூச்சி விடும் மணப்பொருளைப் பிரித்தெடுத்தார். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம்தான் கிடைத்தது. அதன் மிகச் சிறு அளவு பட்டாலே ஆண் பூச்சி சிறகடித்துச் சுழலத் தொடங்கிவிடும். மணம் பட்டது, உடல் கீழ்ப்படிந்தது. அன்றிலிருந்து பெரோமோன் என்றாலே மீறமுடியாத ஆணை என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது.

சுண்டெலியிலும் அப்படிச் சில உண்டு. ஆண் சுண்டெலியின் கண்ணீரில் இருக்கும் ஒரு சிறு புரதத்தை ஜப்பானில் கசுஷிகே தோஹாராவின் குழு கண்டறிந்தது. முகத்தோடு முகம் உரசும்போது அது பெண்ணின் மூக்கில் படும். ஒரே ஒரு வகை ஏற்பியைத்தான் தூண்டும். பெண் இணைசேர இசைவது அதிகரிக்கும். ஒரு மூலக்கூறு, ஒரு ஏற்பி, ஒரு நடத்தை. கட்டளை என்ற எண்ணத்துக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் பாலூட்டிகளில் அதிகமில்லை.

ஆனால் மற்ற கதைகளைக் கேட்கக் கேட்க, அதே மணம் வேறு நேரத்தில், வேறு மூளையில் வேறொன்றாக மாறுவதைப் பார்க்கிறோம். ஆண் சுண்டெலியின் சிறுநீரில் டிரைமீத்தைலமின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. நம் மூக்குக்கு அது கெட்டுப்போன மீன் நாற்றம். ஹார்வர்டில் ஸ்டீபன் லிபர்லெஸின் ஆய்வகம் பார்த்தபோது சுண்டெலிகள் அதை நாடிப் போயின, பெரிய எலிகள் விலகி ஓடின. மூலக்கூறு ஒன்று, ஏற்பியும் ஏறக்குறைய ஒன்று. பின்னால் இருக்கும் மூளை வேறு.

ஒரே விலங்குக்குள்ளும் இது மாறும். பெண் சுண்டெலியின் சினைச் சுழற்சி நான்கைந்து நாள். சினைக்கு வராத நாட்களில் உடலில் புரோஜெஸ்டரோன் கூடியிருக்கும். அப்போது ஆணின் மப் புரதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நரம்பணுக்கள் ஜேக்கப்சன் உறுப்பிலேயே அடங்கிவிடுகின்றன என்று ஸ்டவர்ஸின் குழு 2015-இல் காட்டியது. செய்தி மூளைக்குப் போய் அங்கே நிராகரிக்கப்படுவதில்லை. மூக்கை விட்டே கிளம்புவதில்லை. அதே நேரத்தில் மற்ற வாசனைகள், குறிப்பாகப் பகைவிலங்கின் வாசனை, வழக்கம்போலப் பதிகின்றன. பூனை பக்கத்தில் இருப்பதை எந்த நாளிலும் தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்!

இன்னும் ஆழமான மாற்றம் அப்பாக்களிடம் நடக்கிறது. இணைசேராத ஆண் சுண்டெலியிடம் பிறந்த குட்டியைக் காட்டினால் பெரும்பாலும் கடித்துக் கொன்றுவிடும். (இதனாலேயே, பின்னாளில் ஜோடியாக வளர்க்க நினைத்தால், தாயும் குட்டிகளும் இருக்கும் கூண்டுக்குள் அந்நிய ஆணை ஒருபோதும் விடாதீர்கள்.) அதே ஆண் ஒரு பெண்ணோடு இணைசேர்ந்து, குட்டிகள் பிறக்கும் காலமான மூன்று வாரம் அளவுக்குக் கடந்தால், குட்டியை நக்கிச் சுத்தம் செய்கிறது, வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவருகிறது, மேலே கவிந்து படுத்துச் சூடு கொடுக்கிறது. குட்டியின் வாசனை மாறவில்லை. அப்பாவின் ஜேக்கப்சன் உறுப்பு அந்த வாசனைக்குக் காட்டும் எதிர்வினை வெகுவாகக் குறைந்துபோயிருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் கண்டார்கள். டி.ஆர்.பி.சி.2 இல்லாத ஆண்கள் இணைசேராமலேயே குட்டியைப் பராமரித்தன. 2014-இல் டூலாக்கின் குழு ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் கலானின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக் கூட்டம் ஒன்றைக் கண்டது. இணைசேராத ஆணின் மூளையில் அதை ஒளியால் தூண்டினால், தாக்கப் போகும் ஆண் தாக்குதலை விட்டுவிட்டுக் குட்டியை நக்கத் தொடங்குகிறது. அப்பாவாக இருப்பதற்கான நரம்புகள் அப்பா ஆவதற்கு முன்பே அந்த மூளைக்குள் இருக்கின்றன.

கோபத்துக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை அமெரிக்காவின் கால்டெக்கில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வகத்தில் தாயு லின் 2011-இல் ஒளியால் தூண்டியபோது, அமைதியாக நின்ற ஆண் பாய்ந்து தாக்கியது. எதிரில் இருந்தது காற்றடைத்த கையுறையாக இருந்தாலும் தாக்கியது. இயல்பான நாட்களில் இந்தக் கூட்டத்தை எழுப்புவதில் அந்நிய ஆணின் வாசனைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆய்வகமே 2017-இல் சொன்ன இன்னொரு செய்தி உங்கள் மகளுக்குப் பிடிக்கும். இளம் ஆண் ஒன்றின் மூளையில் இதே நரம்பணுக்களைப் பல நாட்கள் தொடர்ந்து கவனித்தார்கள். மற்றவர்களோடு பழக்கமே இல்லாத ஆணிடம், 'எதிரில் ஆண்', 'எதிரில் பெண்' என்ற இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நரம்பணுக்கள் எழுந்தன. பெண்ணோடு கொஞ்ச நேரம் பழகிய பிறகு இரண்டு பதிவுகளும் பிரிந்து தெளிவாயின. ஆணா பெண்ணா என்பது மரபணுவிலேயே எழுதி வந்த அறிவு என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த விஷயம் அது. ஹைப்போதலாமஸ் கூடப் பழகித்தான் கற்கிறது.

மணம் எதை எதையெல்லாம் மாற்ற வல்லது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான உதாரணம் கர்ப்பம். லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஹில்டா புரூஸ் 1959-இல் இதை அறிவித்தார். இணைசேர்ந்து சில நாட்களே ஆன பெண் சுண்டெலியின் அருகில் வேறொரு ஆணை வைத்தால், கரு கருப்பையில் ஒட்டுவதற்கு முன்பே கர்ப்பம் கலைந்துவிடும். சில நாட்களில் பெண் மறுபடி சினைக்கு வந்துவிடும். ஆண் நேரில் இருக்கக்கூட வேண்டாம், அதன் சிறுநீர் பட்ட மரத்தூள் போதும். விதைநீக்கம் செய்யப்பட்ட ஆணால் இது நடப்பதில்லை. தான் இணைசேர்ந்த அதே ஆண் அருகில் இருந்தாலும் நடப்பதில்லை.

கடைசி வாக்கியத்தில்தான் மூளை இருக்கிறது. அவனா வேறொருவனா என்று பெண்ணுக்கு எப்படித் தெரிகிறது? இணைசேரும்போது நோரட்ரினலின் பெருகி, ஜேக்கப்சன் உறுப்பின் நுகர்வுக் குமிழில் அந்த ஆணின் வாசனை சில மணி நேரத்துக்குள் நினைவாகப் பதிகிறது என்று எரிக் கெவர்னும் ஹிதேதோ கபாவும் அவர்கள் சகாக்களும் காட்டினார்கள். நினைவு என்றால் மூளையின் உள்ளறைகளில் தேட வேண்டும் என்று நினைப்போம். இது மூக்கை அடுத்த முதல் நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பழகிய வாசனை அங்கேயே தடுக்கப்படும். அந்நிய வாசனை தாண்டிப் போனால், ஹைப்போதலாமஸ் டோபமினை விடும், புரோலாக்டின் குறையும், கருவைத் தாங்கும் ஹார்மோன் ஆதாரம் சரியும். அந்நிய ஆண் வந்த இடத்தில் குட்டிகள் பிழைப்பது அரிது என்பதால், பிறக்கவிட்டு இழப்பதைவிட முதலிலேயே நிறுத்திக்கொள்வது தாய்க்கு இழப்புக் குறைவு என்பது பலர் ஏற்கும் விளக்கம். இந்தத் துறையில் இந்தியர்களின் பங்கும் பழையது. புரூஸ் விளைவு என்று பெயர் பெற்ற இந்தக் கர்ப்பக் கலைவைப் பற்றி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சி. ஜே. டொமினிக் 1960-களிலேயே ஆராய்ந்தார். நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அர்ச்சுனன் குழுவினர் எலிகள் உள்ளிட்ட பாலூட்டிகளின் பெரோமோன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வயலில் எலியைக் கட்டுப்படுத்த நஞ்சுக்கு மாற்றாக மணத்தைப் பயன்படுத்த முடியுமா என்பது நமக்குத் தேவையான கேள்வி. மகளுக்கு உயிரியலில் ஆர்வம் தொடர்ந்தால் அவள் போய்ச் சேர நல்ல துறை.

கற்றலுக்கு இன்னொரு அழகான உதாரணம் டார்சின். ஆணின் மப் புரதங்களில் ஒன்று அது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் நாயகன் டார்சியின் பெயரை ஹர்ஸ்ட்டின் குழு 2010-இல் அதற்கு வைத்தது. ஒரு பெண் சுண்டெலி டார்சின் உள்ள பொட்டை ஒருமுறை தொட்டுவிட்டால் போதும், அந்தக் குறிப்பிட்ட ஆணின் தனி மணத்தை அதன் பிறகு நாடத் தொடங்குகிறது. எந்த இடத்தில் அதைத் தொட்டது என்பதையும் இரண்டு வாரம் அளவுக்கு நினைவில் வைத்து, மணமே இல்லாதபோதும் அந்த இடத்தில் போய் நேரம் கழிக்கிறது. டார்சினை நாடுவது பிறவிக் குணம்; யாரை, எங்கே என்பதை அது கற்றுக்கொள்கிறது. ஆகவே உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: பெரும்பாலான பெரோமோன்கள் மூளைக்குச் செய்தி கொண்டுவருகின்றன. அந்தச் செய்திக்கு என்ன செய்வது என்பதை அன்றைய ஹார்மோன்கள், பழைய அனுபவம், எதிரில் நிற்பது யார் என்ற நினைவு ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. உங்கள் மூன்று சகோதரர்களும் சனிக்கிழமை ஒன்றாகத் தூங்குவதும் ஞாயிறு இரவு கடித்துக்கொள்வதும் அதே மூளைகள்தான்.

மனிதர்களுக்கு உண்டா? டி.ஆர்.பி.சி.2 மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. நமக்கும் குரங்கினங்கள் பலவற்றுக்கும் பொதுவான மூதாதை வழியிலேயே அது செயலிழந்துவிட்டது. மூக்கின் சுவரில் சிறு குழி பலருக்கு இருக்கும், ஆனால் அதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பெரியவர்களிடம் இல்லை. சாதாரண மூக்கு வழியாக ஏதாவது வேலை செய்யலாம். தாய்க்குக் குழந்தையின் வாசனை தெரிகிறது, குழந்தைக்குத் தாயின் வாசனை தெரிகிறது. ஆனால் இதுதான் மனிதப் பெரோமோன் என்று உறுதியாகக் காட்டப்பட்ட ஒரு மூலக்கூறுகூட இன்றுவரை கிடையாது. சேர்ந்து வாழும் பெண்களுக்கு மாதவிலக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரத் தொடங்கும் என்று 1971-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வைப் பின்வந்த பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. பெரோமோன் கலந்தது என்று விற்கும் சென்ட் பாட்டில்களுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, காசு செலவழிக்க வேண்டாம். அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் ஆன்ட்ரோஸ்டினோன் ஆண் பன்றியின் எச்சிலில் இருப்பது. பன்றிப் பண்ணைகளில் பெண் பன்றி சினையில் இருக்கிறதா என்று பார்க்க அதைத் தெளிக்கிறார்கள், அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

கடைசியாக, கையை முகர்வது. நம் வாசனையைச் சுண்டெலி நிச்சயம் படிக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014-இல் கண்டது இது: மனிதரில் ஆண்கள் அருகில் இருந்தாலோ, ஆண் ஒருவர் இரவு அணிந்திருந்த பனியனை அருகில் வைத்தாலோ சுண்டெலிகளின் மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, வலி உணர்வு மங்குகிறது. பெண்களிடம் அப்படி ஆகவில்லை. ஆண் பூனை, ஆண் நாய் போன்ற மற்ற ஆண் பாலூட்டிகளின் வாசனைக்கும் இதே விளைவு. அந்நிய ஆண் என்றால் ஆபத்து என்று படிக்கிற மூக்கு நம்மையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறது. அந்த அழுத்தம் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தும்விடுகிறது. எனவே வீட்டில் அப்பாவோ அண்ணனோ கூண்டைத் திறப்பதானால், சற்று நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திறக்கட்டும்.

தொடும் விதமும் வாசனை அளவுக்கு முக்கியம். கடைகளில் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாலைப் பிடித்துத் தூக்கப்பட்டவை கையைக் கண்டாலே ஒதுங்கின, பதற்றத்தில் சிறுநீரும் புழுக்கையும் கழித்தன. குழலுக்குள் நுழையவிட்டோ, குவித்த கைகளிலோ தூக்கப்பட்டவை கையைத் தேடி வந்து முகர்ந்தன. சுண்டெலி தாராளமாக நுழையும் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எப்போதும் கூண்டுக்குள்ளேயே போட்டு வையுங்கள். சுண்டெலி உள்ளே நுழைந்ததும் உங்கள் மகள் இரண்டு முனைகளையும் தளர்வாக மூடித் தூக்கட்டும். முதல் சில வாரம் இப்படியே செய்யட்டும். கைக்குத் தானாக வரத் தொடங்கிய பிறகு குழாய் தேவைப்படாது.